பேணும் கைகளுக்குக் கூலி எங்கே?

ஆண்டுதோறும் சூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று நம் ஆலயங்களில் மூத்தோரைச் சிறப்பிக்கிறோம். தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக அதனைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ஆம் ஆண்டில் ஏற்படுத்தினார். அன்று நடப்பவை இப்போது நமக்குப் பழகிவிட்டன. முன்வரிசை இருக்கைகள் முதியோருக்கு ஒதுக்கப்படுகின்றன. திருப்பலியின் முடிவில் ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு பழம், சில இடங்களில் ஓர் எவர்சில்வர் பாத்திரம். மறையுரையில், பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளுக்குக் கடுமையான கண்டனம். பெண்கள் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொள்கிறார்கள். கடமை முடிந்த நிறைவோடு நாமும் வீடு திரும்புகிறோம்.

அந்த முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கோல் ஊன்றியேனும் நடந்து வரக்கூடியவர்கள். எழுந்து நிற்க இயலாதவர்களும், தம் பெயரே மறந்துபோனவர்களும், பக்கவாதத்தால் பாயில் விழுந்தவர்களும் அங்கே இல்லை. அவர்களை விட்டு அகல முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களும் இல்லை. எவரைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர்கள் அனைவரும் இல்லாத ஓர் அவையில்தான் முதுமையைப் பற்றிப் பேசி முடிக்கிறோம்.

புளியங்குடியில் அத்தகைய வீடு ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம். மேற்கே மலைத்தொடர், ஊருக்குள் எலுமிச்சைச் சந்தையின் இரைச்சல், தெருவுக்குத் தெரு, வாசல்தோறும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள். தென்காசி வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. நாம் சென்ற வீட்டில் எண்பதைக் கடந்த தாய் பக்கவாதத்தால் கிடையில் கிடக்கிறார். ஐம்பதைக் கடந்த மகள் அவரைப் பார்த்துக்கொள்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் படுக்கைப்புண் வந்துவிடும். ஊட்ட வேண்டும், துடைக்க வேண்டும், மலசலம் அள்ள வேண்டும், துணி அலச வேண்டும். முன்பெல்லாம் ஒரு நாளில் ஆயிரம் பீடி சுற்றிய கைகள் இப்போது அதில் பாதியைக்கூடச் சுற்றுவதில்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. சுற்றாத பீடிக்குக் கூலி இல்லை. அம்மையைப் புரட்டிப் போட்ட நேரத்துக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இடம் இல்லை.

என்ன உதவி வேண்டும் என்று கேட்டோம். அந்தப் பெண் பணம் கேட்கவில்லை. "ராத்திரி ஒருநாள் முழுசா உறங்குனாப் போதும்யா, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

இவர் நன்றி கெட்ட மகளா? நம் மறையுரையில் இவருக்கு ஒரு சொல்லேனும் இருந்ததா?

நன்றியைப் பற்றிய இந்தப் பேச்சைத்தான் நாம் குற்றம் சாட்டுகிறோம். பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. அக்கடமையைத் திரும்பத் திரும்பப் பேசியே வேறு மூன்று உண்மைகளை மறைத்துவிட்டோம் என்பதுதான் நம் வழக்கு.

முதலாவது, பேணுதல் என்பது உணர்ச்சி மட்டுமன்று, அது உழைப்பு. இடுப்பு ஒடிய, இரவு பகலாக, விடுமுறையின்றிச் செய்யும் உழைப்பு. அன்பு எவ்வளவுதான் இருந்தாலும் ஒரு மனிதப் பிறவியை ஒற்றை ஆளாகத் தூக்கிக் குளிப்பாட்ட முடியாது. இரண்டாவது, இந்த உழைப்பைப் பெரும்பாலும் செய்பவர் மகன் அல்லர். மகளும் மருமகளும், பல வீடுகளில் தானே எழுபதைத் தொட்டுவிட்ட மனைவியும். மகனைத் திட்டும் மறையுரையில் இவர்கள் பெயர் வருவதே இல்லை. மூன்றாவது, குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறான் என்று தீர்ப்பு எழுதிவிட்டால் அரசும் ஊரும் திருச்சபையும் விடுதலையாகிவிடுகின்றன. மகனுடைய நன்றிகெட்டதனம் நம் எல்லோருக்கும் வசதியான ஒரு போர்வை.

அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது, கூட்டுக்குடும்பம் இருந்தவரை முதியோர் மகிழ்ந்திருந்தார்களே என்று சிலர் கேட்பார்கள். அந்தக் காலத்தை நன்கு அறிந்த மண்ணில்தான் நாம் வாழ்கிறோம். புளியங்குடிக்கு வடக்கே சற்றுத் தொலைவு சென்றால் விருதுநகர் மாவட்டம். கிடையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்காட்டி, இளநீர் கொடுத்து, உடலைக் குளிரச்செய்து சாகவிடும் 'தலைக்கூத்தல்' என்னும் கொடுமை அவ்வட்டாரத்தில் வழங்கிவந்தது. உறவினர் தனக்கு அப்படிச் செய்யவிருக்கிறார்கள் என்பதை அறிந்து முதியவர் ஒருவர் தப்பி ஓடியபோது, 2010-ஆம் ஆண்டில், நாடு அதனைச் செய்தியாகக் கேட்டுத் திடுக்கிட்டது. அதைப் பொருளாகக் கொண்ட 'பாரம்' என்னும் திரைப்படம் பின்னர் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. உறவினர் கூடி, சடங்கு போலச் செய்தாலும் அது கொலையே. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அது நகரத்து அடுக்குமாடியில் தோன்றிய வழக்கமன்று. உற்றார் உறவினர் சூழ்ந்த கிராமத்தில் நடந்தது. பேணுவதற்கு ஆளும் பொருளும் இல்லாத இடத்தில் உறவு என்னும் சொல் ஒன்று மட்டுமே முதியவரைக் காத்துவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டுமா?

அன்றிருந்த நிலையும் இன்று இல்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழக மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். 2021-இல் இது 13.6 விழுக்காடாக இருக்கும் என்று மைய அரசு அமைத்த வல்லுநர் குழு கணித்தது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. அந்தப் பிள்ளைகளும் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போயினர். நோயோ நீண்டது. முன்பு ஒரு வாரத்தில் உயிரைக் கொண்டுபோன பக்கவாதம் இன்று பத்தாண்டுக் கிடையாகிறது. மருத்துவம் உயிரை நீட்டித்தது. நீட்டித்த உயிரைச் சுமப்பது யார் என்பதை எவரும் பேசவில்லை.

அரசு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1962-ஆம் ஆண்டிலேயே, மாதம் 20 ரூபாயில், ஆதரவற்ற முதியோருக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கிய மாநிலம் இது. 2011-இல் அது ஆயிரம் ரூபாயாகவும், 2023 ஆகஸ்டில் 1200 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆண்டுக்கு இருமுறை வேட்டி, சேலை உண்டு. விலையில்லா அரிசியும் உண்டு. இவற்றால் அடுப்பெரிந்த வீடுகளை நாம் அறிவோம். ஆனால் 1200 ரூபாயை முப்பதால் வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 40 ரூபாய். அதற்குள் உணவும் மருந்தும் அடங்க வேண்டும். பேணுபவருக்கென்று அத்திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

மைய அரசின் பங்கைக் கேட்டால் நாணம் மேலிடுகிறது. 1995 ஆகஸ்டு 15-இல் தேசிய முதியோர் உதவித்தொகை அறிமுகமானபோது மைய அரசு மாதம் 75 ரூபாய் தந்தது. 2006-இல் அது 200 ரூபாயாயிற்று. எண்பதைக் கடந்தவர்களுக்கு மட்டும் 2011-இல் 500 ரூபாய் என ஆக்கினர். அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு 2025 வரையிலும் அதே 200 ரூபாய்தான். நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. 2006-இல் ஒரு படி அரிசி என்ன விலை, இன்று என்ன விலை என்பதை நம் தாய்மார்கள் சொல்வார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியமும் ஓய்வூதியமும் விலைவாசியோடு உயர்கின்றன. முதியவரின் 200 ரூபாய் மட்டும் அசையாமல் நிற்கிறது.

அந்தத் தொகையையும் வாங்கச் சென்றால் கருவியில் கைரேகை பதிவதில்லை. வாழ்நாள் முழுவதும் இலை வெட்டி, தூள் அடைத்து, நூல் சுற்றித் தேய்ந்த விரல்கள் அவை. உழைத்ததற்கான அடையாளமே உதவி மறுக்கப்படுவதற்கான காரணமாகிவிடுகிறது.

பீடித் தொழிலாளியின் கதையை இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பீடி உற்பத்தியின் மீது சிறப்புத் தீர்வை ஒன்று பெறப்பட்டு, அது தொழிலாளர் நலநிதிக்குச் சென்றது. மருந்தகம், வீடு, பிள்ளைகளின் கல்வி உதவி ஆகியவை அந்நிதியிலிருந்து வந்தன. தொழிலே தன் தொழிலாளிக்குக் கொடுத்த பங்கு அது. 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அத்தீர்வை நீக்கப்பட்டது. பீடியின் மீது வரி இன்றும் உண்டு. ஆனால் அவ்வரியில் இவளுக்கென்று ஒதுக்கிய பங்கு இல்லை. வருங்கால வைப்புநிதியின் ஓய்வூதியத்துக்கு 2014-இல் குறைந்த அளவு ஆயிரம் ரூபாய் என வரையறுத்தனர். பத்தாண்டு கழிந்த பின்னும் அதே ஆயிரம். நாற்பது ஆண்டுகள் மார்பில் புகையிலைத் தூளை ஏற்றுக்கொண்டவளின் முதுமைக்கு நாடு நிர்ணயித்த விலை இது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். தீர்ப்பாயத்தின் முன் பெற்றோர் முறையிடலாம். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம். கைவிட்டவருக்கு மூன்று மாதம் வரை சிறை உண்டு. நல்லதுதான். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு தாயைத் தெருவில் விட்டவனுக்கு இச்சட்டம் தேவை. ஆனால் பீடி சுற்றும் மகளின் மீது எந்தத் தாய் வழக்குத் தொடுப்பாள்? தொடுத்தாலும் அவளிடமிருந்து எதைப் பெற்றுத் தரமுடியும்? கொடுக்க இல்லாதவரையும் கொடுக்க மறுப்பவரையும் இச்சட்டம் ஒரே கூண்டில் நிறுத்துகிறது. தண்டிக்கக் கை நீளும் அளவுக்கு, தாங்கக் கை நீளவில்லை.

அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் பாருங்கள். மாவட்டத்துக்கு ஒன்றேனும், 150 ஏழை முதியோர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசு 'அமைக்கலாம்' என்கிறது அது. அமைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மகனுக்குக் கட்டளை; அரசுக்கு விருப்பம்! சட்டத்தைத் திருத்த 2019 திசம்பரில் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த முன்வரைவும் நிறைவேறாமலே காலாவதியாயிற்று. முதுமையில் அரசின் உதவியைப் பெறும் உரிமையைப் பற்றி அரசமைப்புச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு பேசுகிறது. பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு என்னும் நிபந்தனையையும் சேர்த்துக்கொள்கிறது. அந்த ஆற்றல் வரும் நாள் எந்நாள் என்பதை முக்கால் நூற்றாண்டாகியும் எவரும் சொல்லவில்லை.

அண்மை ஆண்டுகளில் வந்த நலத்திட்டங்களை நாம் மனமார வரவேற்கிறோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கு மாத்திரையைக் கொண்டுவந்தது; இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்பு மருத்துவமும் அதில் அடங்கும். 2024 பிப்ரவரியில் சென்னைக் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீட்டை மைய அரசு விரித்தது. முதியோர் பகல்நேரத்தில் தங்கும் 'அன்புச்சோலை' மையங்கள் 25-ஐப் பத்துக் கோடி ரூபாயில் அமைக்க 2025-26 நிதிநிலை அறிக்கை வழிசெய்தது.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மருத்துவமனையில் ஐந்து லட்சம் செலவிட அரசு அணியமாக இருக்கிறது. அங்கிருந்து வீடு திரும்பிய பின், கிடையில் கிடக்கும் பத்தாண்டுகளில் ஓர் ஆளை அனுப்ப அணியமாக இல்லை. கிண்டி புளியங்குடியிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இருபத்தைந்து மையங்களை மாநிலம் முழுமைக்கும் பகிர்ந்தால் புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி போன்ற ஊர்களுக்கு என்றைக்கு முறை வரும்? செவிலியர் வருகிறார், இரத்த அழுத்தம் பார்க்கிறார், செல்கிறார். அன்றிரவு தாயைப் புரட்டிப் போடுவது அதே மகள்தான். மருத்துவம் வாசல்வரை வந்துவிட்டது. பராமரிப்பு இன்னும் புறப்படவே இல்லை.

மேற்கே தெரியும் அந்த மலைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்களும் தொண்டர்களும் வலிதணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். அது அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. உள்ளாட்சி மன்றங்கள் தம் திட்டநிதியிலிருந்து செவிலியரை அமர்த்திக் கிடையில் கிடப்போரின் வீடுகளுக்கு அனுப்பலாயின. கிடையில் கிடப்போரைப் பேணுபவருக்கு 'ஆசுவாசகிரணம்' என்னும் திட்டத்தில் மாதம் 600 ரூபாய் அறிவிக்கப்பட்டது. தொகை சிறிது, ஒழுங்காகச் சேர்வதில்லை என்ற குறையும் உண்டு. எனினும், பேணுபவர் என்று ஒருவர் இருக்கிறார், அவருக்கும் வயிறு உண்டு என்பதை ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டதே, அது பெரிதன்றோ!

கடல் கடந்தும் பார்க்கலாம். செருமனி 1995-இலும், சப்பான் 2000-இலும், தென்கொரியா 2008-இலும் நீண்டகாலப் பராமரிப்புக்கெனக் கட்டாயக் காப்பீட்டை ஏற்படுத்தின. செருமனியில், வீட்டிலேயே பேணும் குடும்பத்தாருக்குப் பணமாகவும் உதவி உண்டு; பேணுவதற்காக வேலையைக் குறைத்துக்கொண்டவரின் ஓய்வூதியக் கணக்குக்கும் பணம் செலுத்தப்படுகிறது. சப்பானில் நாற்பது வயது முதல் எல்லோரும் கட்டணம் செலுத்துகின்றனர். மறுபாதியை வரிப்பணம் தாங்குகிறது. யாருக்கு எப்போது முடக்கம் வரும் என்பது தெரியாது. ஆகவே எல்லோரும் சேர்ந்து சுமப்போம் என்பதே அதன் அடிப்படை.

அவர்கள் செல்வநாடுகள், நமக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்யும் முறை, சம்பளச் சீட்டே காணாத நம் மக்களுக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனால் பணமில்லை என்ற சொல்லை இந்த மாநிலம் முன்பும் கேட்டிருக்கிறது. 1956-இல் எட்டயபுரத்தில் காமராசர் பள்ளி மதிய உணவைத் தொடங்கியபோதும் அதே சொல் எழுந்தது. ஊர்மக்கள் அரிசியும் பருப்பும் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். பின்னர் அரசு தன் கணக்கில் ஏற்றுக்கொண்டது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது மாநிலம் திவாலாகிவிடும் என்றார்கள். திவாலாகவில்லை, ஒரு தலைமுறை படித்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்வது தாயின் வேலை என்று விட்டுவிடாமல் தெருவுக்குத் தெரு அங்கன்வாடி அமைத்து, அதற்குப் பணியாளரை அமர்த்தினோம். அதனால் எந்தத் தாயும் தன் பிள்ளையை மறந்துவிடவில்லை. வாழ்வின் தொடக்கத்துக்குச் செய்ததை அதன் முடிவுக்கும் செய்யுங்கள் என்பதே நம் கோரிக்கை.

ஆகவே நாம் கேட்பவை இவை. ஒன்று: மைய அரசின் 200 ரூபாய் ஆயிரமாவது ஆகவேண்டும், ஆண்டுதோறும் விலைவாசியோடு உயரவேண்டும். இரண்டு: ஒவ்வொரு நகராட்சியிலும் பேரூராட்சியிலும் ஊராட்சியிலும் பயிற்சி பெற்ற வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள் ஊதியத்தோடு அமர்த்தப்பட வேண்டும். மூன்று: கிடையில் கிடப்பவரைப் பேணும் குடும்பத்தவருக்குத் தனி உதவித்தொகை வேண்டும். நான்கு: பேணுபவர் ஓய்வெடுக்க, மாதத்தில் சில நாளேனும் முதியவரை ஒப்படைக்கத்தக்க சிறு இல்லங்கள் ஊருக்குள்ளேயே வேண்டும். 150 பேரை எங்கோ மாவட்டத் தலைநகரில் அடைக்கும் பெருங்கட்டடம் நமக்கு வேண்டாம். முதியவருக்குத் தம் தெருவின் ஓசை கேட்க வேண்டும்.

செலவைக் கணக்கிட்டே சொல்கிறோம். முப்பது வார்டுகள் கொண்ட ஒரு நகராட்சி என்று வையுங்கள். வார்டுக்கு இருவர் என அறுபது பணியாளர்கள். ஒவ்வொருவருக்கும் மாதம் 12,000 ரூபாய். மாதத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். ஆண்டுக்கு 86 லட்சத்து 40 ஆயிரம். ஒரு நகரம் முழுவதற்கும் ஒரு கோடிக்கும் குறைவு. மைய அரசு பாதியும், மாநில அரசும் நகராட்சியும் மறுபாதியும் ஏற்றால் எவர் முதுகும் ஒடியாது. பீடியின் மீது பெறும் வரியில் ஒரு பங்கைப் பீடித் தொழிலாளிக்கு மீண்டும் உரிமையாக்கினால் தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் சுமை இன்னும் குறையும். அறுபது பெண்களுக்கு நிலையான வேலை கிடைக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது கோரிக்கை கண்காணிப்பு. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமமின்றி நடந்த இல்லம் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டதையும், அங்கிருந்து எழுந்த கொடிய குற்றச்சாட்டுகளையும் நாம் மறந்துவிட முடியாது. கதவை மூடிக்கொண்டு செய்யும் தருமம் தருமமாகவே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அரசு இல்லமாயினும், தொண்டு நிறுவனமாயினும், நம் துறவியர் நடத்துவதாயினும் முன்னறிவிப்பின்றி ஆய்வு நடக்கட்டும். காவி உடைக்கும் வெள்ளை அங்கிக்கும் விலக்கு வேண்டாம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பிறரைக் குற்றம் சாட்டிவிட்டு நம்மைத் தப்பவிடுவது முறையன்று.

தொடக்கத் திருச்சபையில் கைம்பெண்கள் சிலர் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்படுவதாக முணுமுணுப்பு எழுந்தது. திருத்தூதர்கள் அப்பெண்களின் உறவினரைக் கண்டித்து மறையுரை ஆற்றவில்லை. அப்பணிக்கென்றே எழுவரைத் தேர்ந்து அமர்த்தினார்கள். திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் அறுபது வயதுக்குக் குறையாத கைம்பெண்களின் பட்டியலைப் பற்றிப் பேசுகிறது. அரசு பின்னாளில் வகுத்த அதே அறுபது! உறவினர் தம் கடமையைச் செய்யட்டும், திருச்சபையோ உண்மையிலேயே ஆதரவற்றவர்களைத் தாங்கட்டும் என்று வேலையைப் பிரித்தும் தருகிறது. நம் பங்குகளில் அத்தகைய பட்டியல் உண்டா? திருவிழா வரிக்குப் பட்டியல் உண்டு. கிடையில் கிடப்போருக்கு உண்டா?

பெற்றோருக்கு உதவ வேண்டியதைக் கோவிலுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகச் சாடினார்! கொர்பான் என்னும் அச்சொல் இன்று நம்மைச் சுடவில்லையா? பத்து நாள் திருவிழாவுக்கு மின்விளக்கு, வாணவேடிக்கை, சப்பர அலங்காரம், இன்னிசைக் கச்சேரி. நுழைவாயிலுக்குப் புதிய வளைவு. அதே பங்கில், படுக்கைப்புண்ணுக்குக் காற்று மெத்தை வாங்க வழியின்றி ஒரு குடும்பம். திருவிழா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதன் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள் என்கிறோம். வாரத்தில் ஆறு நாளும் பூட்டிக்கிடக்கும் பங்கு மண்டபத்தைப் பகலில் முதியோருக்குத் திறந்துவிடுங்கள் என்கிறோம். ஒவ்வோர் அன்பியமும் தன் தெருவில் கிடையில் இருப்பவர் ஒருவருக்கு, வாரத்தில் ஓரிரவு, முறைவைத்து விழித்திருக்கட்டும் என்கிறோம். சாதியும் சமயமும் பாராமல் அவ்வீடு எவருடையதாயினும் செல்லட்டும்.

முதியோர் இல்லங்கள் பலவற்றில் எழுதா விதி ஒன்று உண்டு: தம் வேலையைத் தாமே செய்துகொள்பவர்களுக்கு மட்டுமே இடம். விழுந்துவிட்டால் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும். நம்முடைய இல்லங்களும் இதற்கு விலக்கு என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? புனித சான் சூகன் 1839-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பிரான்சு நாட்டில், பார்வையற்று உடல் முடங்கிய கைம்பெண் ஒருவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து தம் படுக்கையையே கொடுத்தார். நடக்க முடிந்தவரைத் தேடிச் செல்லவில்லை. அதிலிருந்து பிறந்த ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை 1882-இல் கொல்கத்தாவுக்கு வந்தது. நிலையான வருமானத்தை நம்பாமல், கடைவீதியில் கையேந்தி முதியோரை உண்பிப்பது அச்சகோதரிகளின் மரபு. அந்தக் கையேந்தலை நாம் வணங்குகிறோம். ஆனால் துறவிக்கு அழகான திருவோடு அரசுக்கு அழகாகாது. சகோதரிகள் இருக்கிறார்களே, பார்த்துக்கொள்வார்கள் என்று கருவூலம் உறங்குமானால், அவர்களுடைய தியாகத்தை நாம் அரசின் சோம்பலுக்கு மூலதனமாக்கியவர்களாவோம்.

இறுதியாக ஒரு மறுப்புக்கு விடை சொல்ல வேண்டும். அரசும் ஊரும் பேணத் தொடங்கினால் பிள்ளைகள் கைகழுவி விடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நாம் கண்டது வேறு. பல ஆண்டுகள் உறங்காத மகள் ஒருநாள் தாயின் மீது எரிந்து விழுகிறாள். பின் தனியே அமர்ந்து அழுகிறாள். அவளிடம் அன்பு குறையவில்லை. உடலில் வலு குறைந்துவிட்டது. இரவில் துணைக்கு ஓர் ஆள் வந்தால் காலையில் அவளால் தாயின் அருகில் அமர்ந்து தலைவாரிப் பேச முடியும். சுமையை இறக்கி வைத்தால் உறவு அறுந்துவிடாது; மூச்சு வாங்கிக்கொண்டு மீண்டும் தழைக்கும்.

முதுமையில் வேறொருவர் நமக்குக் கச்சை கட்டிவிடும் நாள் வரும் என்று உயிர்த்த ஆண்டவர் பேதுருவிடம் சொன்னார். அது பேதுருவுக்கு மட்டுமான நாளன்று. நம் எல்லோருக்கும் வரவிருப்பது. அந்த வேறொருவர் யார்? அவருக்கு உணவு உண்டா, உறக்கம் உண்டா, கூலி உண்டா? இதைக் கேட்காதவரை முதியோரைப் பற்றிய நம் பேச்செல்லாம் பொன்னாடையோடு முடிந்துவிடும்.

வருகிற சூலைக்கு முன்பாகவே நம் பங்குகளில் பட்டியல் எடுப்போம். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் கிடையில் இருக்கிறார்கள், அவர்களைப் பேணுபவர் யார் என்று எழுதுவோம். அப்பட்டியலோடு நகராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் செல்வோம். விடை வரும்வரை திரும்பத் திரும்பச் செல்வோம். அதுவரையில், புளியங்குடியில் அந்தப் பெண் கேட்ட ஓரிரவு உறக்கத்தையாவது நாம் கொடுத்தாக வேண்டும். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.